உலக யுத்த விளையாட்டுகளுக்குப் புதிய களங்கள்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் ஓர் இரவு, எமது விடுதியின் மேல்மாடி அறையொன்றில் நால்வர் மாணாக்கர் கணினித் திரைக்கு முன் குழுமியிருந்தனர். யானும் ஐந்தாமவனாகச் சென்று அமர்ந்தேன். திரையிற் கடல் கொந்தளித்தது, படகின் முன்கதவு நீரில் விழுந்தது, குண்டுமாரி பொழிந்தது, மணலிற் குப்புற வீழ்ந்த சிப்பாய் ஒருவன் எங்கள் நண்பரின் விரலசைவுக்கு இணங்கி எழுந்தோடினான். "இஃது ஓமஹாக் கடற்கரை. அதோ அந்த இடப்பக்கத்து மேட்டை அடைந்துவிட்டாற் பிழைத்தோம்," என்றார் நண்பர். அவர் நார்மண்டியைக் கண்டவரல்லர். மதுரைக்கு வடக்கே எவ்வூரையும் கண்டவரல்லர். ஆயினும் அக்கரையின் மேடும் பள்ளமும் அவருக்குத் தம் ஊர்க் குளத்தங்கரை போற் பழக்கமாயிருந்தன. ஆட்டம் ஒருவாறு ஓய்ந்த பின்பு, "கொஹிமா எங்கே உள்ளது, சொல்லும்," என்று கேட்டேன். சற்றுச் சிந்தித்து, "ஜப்பானில் இருத்தல் வேண்டும்," என்றார். அவர் சரித்திர வகுப்பினர் என்பதை ஈண்டுக் கூறாது விடுதலே நட்பிற்கு அழகு, ஆயினும் கூறிவிட்டேன்.

அவரைப் பழித்தற்பொருட்டு இதனை எழுதினேனல்லேன். 'வீடியோ கேம்' என்று எல்லோரும் வழங்குகின்ற இவ்விளையாட்டுகளில் யானும் எத்தனையோ இரவுகளைச் செலவிட்டவனே. பரீட்சைக்கு முந்திய இரவுகளும் அவற்றுள் அடங்கும். துப்பாக்கி விளையாட்டில் இன்பமே இல்லையென்று சாதிக்கப் புகுவோன் அதனை ஆடிப் பாராதவனாதல் வேண்டும். கண்ணும் கையும் ஒருங்கே விரைந்து தொழிற்படும் எந்த ஆட்டத்திலும் ஓர் இன்பம் உண்டு. பம்பரத்திலும் கோலியிலும் அஃது உண்டு. எனது குறை வேறு. இரண்டு உலக யுத்தங்களும் சேர்ந்து ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் நடந்தன. அவற்றால் தாக்குண்ணாத கடலும் கண்டமும் அரிது. அவற்றில் உழன்றவருள் துப்பாக்கி பிடித்தவரினும் பிடியாதவரே பன்மடங்கினர். இத்துணைப் பெரிய பொருளிலிருந்து விளையாட்டுச் செய்வோர் எடுத்துக்கொண்டவை சில கடற்கரைகளும், இடிந்த சில ஐரோப்பிய வீதிகளும், ஒரே ஒரு தொழிலுமே. அத்தொழில் குறிபார்த்துச் சுடுதல்.

இவ்வழக்கம் வந்த வரலாறு நெடியதன்று. 1992இல் 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' என்பது நாஜிகளின் கோட்டையொன்றினுள் ஒரு வீரனைத் துப்பாக்கியுடன் ஓடவிட்டது. 1998இல் ஸ்பீல்பெர்க் என்னும் சினிமா டைரக்டர் நார்மண்டிக் கரையிறங்கலைப் படமாக்கிக் காட்டினார். மறு வருஷமே, அவருடைய எண்ணத்தில் உதித்த 'மெடல் ஆப் ஹானர்' வெளிவந்தது. அவ்வரிசையில் 2002இல் வந்த விளையாட்டு ஓமஹாக் கரையையே ஆடுகளமாக்கிற்று. 2003இல் 'கால் ஆப் டியூட்டி' பிறந்தது. 2017இல் அதன் வழிவந்த விளையாட்டு 1944ஆம் வருஷம் ஜூன் 6ஆம் நாளுக்கே நம்மை மீண்டும் கொண்டுபோய் அதே கரையில் இறக்கிவிட்டது. அலையின் துளிகள் முன்னினும் தெளிவாகத் தெரிந்தன. அரைத்த மாவை அரைத்தல் என்று நம் பாட்டிமார் கூறுவதற்கு வேறோர் உதாரணம் வேண்டா.

நம் முன்னோர் போரை இவ்வாறு ஒற்றைத் தொழிலாகக் கண்டிலர். புறப்பொருள் வெண்பாமாலையைப் புரட்டினோர் இதனை அறிவர். பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி, அதனை மீட்டல் கரந்தை, மாற்றார் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி, வந்தாரைத் தடுத்து நிற்றல் காஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, வளைப்புண்ட மதிலைக் காத்தல் நொச்சி, களத்தில் நேர்நின்று பொருதல் தும்பை, வெல்லுதல் வாகை. இவற்றுள் இக்காலத்து விளையாட்டுகள் நன்கறிந்தவை தும்பையும் வாகையுமே. தொல்காப்பியனாரோ காஞ்சியென்னும் திணைக்கு நிலையாமையையே பொருளாக வைத்தார். போரின் இலக்கணத்துள் அதற்கும் ஓர் இடம் வேண்டுமென அவர் கருதினார் போலும். 2016இல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 1' என்பதன் முதற்காட்சியில் இக்காஞ்சி ஒருகணம் எட்டிப் பார்த்தது. அக்காட்சியில் நம் கையிலுள்ள சிப்பாய் எத்துணைத் திறமையாகப் போரிட்டாலும் மாளுகின்றான். மாண்டவுடன் அவன் பெயரும், பிறந்த வருஷமும், இறந்த வருஷமும் திரையில் எழுகின்றன. பின்னர் நாம் வேறொருவனாகக் கண்விழிக்கிறோம். அதனை முதன்முறை ஆடிய இரவு யான் சற்று நேரம் கையை எடுத்துவிட்டு வாளா இருந்தேன். அக்காட்சி முடிந்ததும் பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது.

களத்தை மட்டும் மாற்றினாலும் போதாது. 2018இல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 5' நார்வே நாட்டுப் பனிமலைகளையும், பிரான்ஸுக்காகப் பொருத ஆபிரிக்கச் சிப்பாய்களையும் காட்டிற்று. முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும் பனியிலும் அதே சுடுதல். காட்டிலும் அதே சுடுதல். புதிய மொந்தையிற் பழைய கள். யான் வேண்டுவது இதுவே: ஒவ்வொரு களத்திலும் மெய்யாகவே மனிதரை வாட்டிய வினா எதுவோ, அதுவே அக்களத்து விளையாட்டின் விதியாதல் வேண்டும். சில இடங்களை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முயல்வேன்.

முதலிற் கொஹிமா, நண்பருக்கு யான் பட்ட கடன் அது. கொஹிமா நாகர் மலையில், இம்பாலிலிருந்து திமாப்பூர் ரயிலடிக்குச் செல்லும் பாதையில், ஒரு முகட்டின்மேல் உள்ளது. 1944 மார்ச்சில் முடகுச்சி என்னும் ஜப்பானிய சேனாதிபதி மூன்று டிவிஷன்களைச் சிந்த்வின் ஆற்றைக் கடத்தி இந்திய எல்லைக்குள் செலுத்தினார். அவற்றுள் 31ஆம் டிவிஷன் சாடோ என்பாரின் தலைமையில் கொஹிமாவை நோக்கிச் சென்றது. ஏப்ரல் தொடக்கத்தில் அது வந்தடைந்தபோது முகட்டின்மேற் போரிடத்தக்கார் சுமார் 1,500 பேர். எழுத்தர், சமையற்காரர், நோயாளர் முதலாயினார் சுமார் ஆயிரவர். வந்தவரோ பன்னீராயிரவர்க்கு மேற்பட்டவர். ஏறக்குறைய இரண்டு வாரம் அச்சிறு படை வளைப்புண்டு கிடந்தது. ஜில்லா அதிகாரியின் பங்களாவை அடுத்திருந்த டென்னிஸ் மைதானத்தின் இரு புறமும் இரு படைகளும் குழிபறித்துப் பதுங்கிப் பந்தெறியும் தூரத்திற் குண்டெறிந்தன. 2013இல் லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தார், பிரிட்டிஷ் படைகள் பொருத போர்களுள் தலையாயது எது என்று வாக்கெடுத்தபோது, வாட்டர்லூவையும் நார்மண்டியையும் பின்தள்ளி முன்னின்றவை இம்பாலும் கொஹிமாவுமே.

விளையாட்டு நிறுவனத்தார் எவரேனும் இதனைப் படித்தால் உடனே அந்த டென்னிஸ் மைதானத்தைத் திரையில் எழுதத் தொடங்குவர் என்பதை யான் அறிவேன். எழுதட்டும். ஆனால் முகட்டின்மேல் இருந்தவர்களை இராப்பகலாக வாட்டியது தண்ணீர். நீர்த்தேக்கம் பகைவர் வசமாயிற்று. ஆளுக்குக் கிடைத்த நீர் மிகச் சொற்பம். விமானங்கள் பாரசூட்டிற் கட்டி எறிந்த பொருள்களுட் பல பகைவர் பக்கத்தில் விழுந்தன. பங்களாவுக்கு அருகே இருந்த சிற்றூற்று ஒன்றை இருளில் ஊர்ந்து சென்றே அடைய வேண்டியிருந்தது. இதனை விளையாட்டாக்கிப் பாருங்கள். ஆடுவோன் கையில் துப்பாக்கி இல்லை. நான்கு தகர டப்பாக்கள் உள்ளன. டப்பா டப்பாவின்மேற் பட்டால் ஓசை. ஓசை கேட்டால் மரணம். நிரப்பிக்கொண்டு மீண்ட பின்னரும் ஆட்டம் முடியவில்லை. நீரைக் காயமுற்றவனுக்குக் கொடுப்பதா, இரவு முழுதும் காவல் நிற்க வேண்டியவனுக்குக் கொடுப்பதா? டாக்டர் ஒன்று சொல்லுவார். அதிகாரி வேறொன்று சொல்லுவார். இத்தகைய நொச்சித் திணை ஆட்டத்தில் ஒரு குண்டும் சுடாமலே மயிர்க்கூச்செறியும்.

முகட்டின் கீழிருந்த சாடோவின் நிலையோ இதனினும் வியப்புடையது. அவருடைய படை மூன்று வாரத்திற்கே உணவு கொண்டு புறப்பட்டது. அதற்குள் இம்பாலின் உணவுக் களஞ்சியங்கள் கைப்பட்டுவிடும் என்பது முடகுச்சியின் கணக்கு. வழியில் உண்பதற்கென்று மாட்டு மந்தைகளையும் ஓட்டிச் சென்றனர். அவற்றுட் பெரும்பகுதி ஆற்றிலும் மலைச்சரிவிலும் அழிந்தது. (வெட்சியில் ஆநிரையைக் கவர்ந்து வருவர், இவர் தம் ஆநிரையைத் தாமே கொண்டுபோய்த் தொலைத்தார்.) இம்பால் வீழவில்லை; மழைக்காலம் பிடித்தது; பின்னாலிருந்து அரிசியும் வரவில்லை, தோட்டாவும் வரவில்லை. நின்று பொருக என்னும் ஆணை மட்டும் தவறாமல் வந்தது. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம்மவர் பரிகாசமாகச் சொல்லுவர். பந்தியே இல்லாத படை முந்தியும் பயனில்லை, பிந்தியும் பயனில்லை. மே மாத இறுதியில் சாடோ ஆணையை மீறித் தம் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானியப் படையில் ஒரு டிவிஷன் தலைவர் அவ்வாறு செய்தல் கேள்விப்படாத செயல். அவர் பதவியினின்று நீக்கப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நின்று உண்மையை உரைக்க அவர் விரும்பினார். அதற்கும் இடங்கொடாமல், அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கூறி விஷயத்தை மூடிவிட்டனர்.

இந்த நிலையில் ஆடுவோனை நிறுத்துதல் வேண்டும். அவன் சாடோ. ஒவ்வொரு நாளும் தந்தி வரும். ஆணைப்படி நடந்தாற் புள்ளியும் பாராட்டும் கிடைக்கும். திரையின் ஒரு மூலையில் அரிசி மூட்டைகளின் எண்ணும், மற்றொரு மூலையில் உயிருடன் இருப்போரின் எண்ணும் குறைந்துகொண்டே வரும். ஆணையை மீறலாம் என்று எவரும் அவனுக்குச் சொல்லார். அதற்குரிய பொத்தானும் முதலிற் கண்ணுக்குத் தெரியாது. கீழ்ப்படிந்துகொண்டே போகிறவன் நிறையப் புள்ளியும் சிறிது படையும் உடையவனாய் ஆட்டத்தை முடிப்பான். கட்டளைக்குக் கீழ்ப்படிதலையே எல்லா யுத்த விளையாட்டுகளும் விதியாகக் கொண்டுள்ளன; "அந்தப் பாலத்தைப் பிடி" என்று திரை சொல்லும், நாம் பிடிப்போம். கீழ்ப்படியலாமா என்பதையே வினாவாக்கிய ஆட்டத்தை யான் அதிகம் கண்டதில்லை. 2014இல் வந்த 'வேலியண்ட் ஹார்ட்ஸ்' என்னும் முதல் யுத்தக் கதையில், எமீல் என்னும் பிரெஞ்சுக் கிழவர் வீண்சாவுக்குத் துரத்தும் அதிகாரியை அடித்து வீழ்த்துகிறார். அதற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார். கல்லும் கரையும் காட்சி அது. ஆயினும் அவ்விடத்திற் கதை முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. மீறுவதா வேண்டாவா என்று நடுங்கும் பொறுப்பு நம் விரலில் இல்லை.

சாடோவை வீரநாயகராக்குதலும் எனக்கு உடன்பாடன்று. அவர் படை பிறர் நாட்டின்மேல் வந்த படை; நாகர்களின் களஞ்சியத்து நெல்லை எடுத்துண்ட படை. ஆகையால் மூன்றாவது ஆட்டம் ஒன்றும் வேண்டும். மூன்றினுள்ளும் எனக்கு மிக விருப்பமானது அதுவே. ஆடுவோன் ஒரு நாகர் சிற்றூரின் தலைவன். அவ்வூரார் இந்த யுத்தத்தை அழைத்தவரல்லர். ஒரு படை வழிகாட்டவும் காயமுற்றோரைச் சுமக்கவும் ஆள் கேட்கிறது; மற்றொரு படை அரிசி கேட்கிறது; அடுத்த விதைப்புக்கு நெல் மிஞ்சுதல் வேண்டும்; குழந்தைகளைக் காட்டுக்குள் மறைத்தல் வேண்டும். எவருக்கு எவ்வளவு, எப்பொழுது, எந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுப்பது? விமானமும் பீரங்கியும் அவன் தலைக்குமேலே செல்லும் இடி முழக்கம் போலவே அவனுக்கு இருக்கும்.

கொஹிமாவில் நெடுநேரம் நின்றுவிட்டேன். பசியைப்பற்றிய பேச்சாதலின், முதல் உலக யுத்தத்துக் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் செல்லுதல் பொருந்தும். அங்கே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-போர்பெக் என்பவர் நான்கு ஆண்டு பிரிட்டிஷ் படைகளை அலைக்கழித்து, ஐரோப்பாவிற் போர் ஓய்ந்து இரண்டு வாரம் கழிந்த பின்பு, 1918 நவம்பர் 25ஆம் தேதி சரணடைந்தார். அவருடைய சாமர்த்தியத்தைப் பாடிய நூல்கள் பல. அக்காட்டில் 'செட்சீ' என்னும் ஈ கடித்துக் குதிரையும் எருதும் மடிந்தமையால், இருதிறத்தாருடைய அரிசியும் தோட்டாவும் மனிதர் தலைமேலேயே சென்றன. பிரிட்டிஷார் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழப் பத்து லட்சம் ஆபிரிக்கர் சுமைகாரராக உழைத்தனர். அவர்களுள் 95,000 பேருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலும் நோயாலும் பசியாலும். நைரோபியில் 'கரியோகோர்' என்று இன்றும் ஒரு பகுதி வழங்குகிறது. 'காரியர் கோர்' என்னும் சுமைப்படையின் பெயர் அங்ஙனம் மருவிற்று.

இதில் விளையாட்டு யாது என்பீரேல், நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று சொல்லுகிறேன். ஒரு சுமைகாரன் 60 ராத்தல் அரிசி சுமப்பான். நாளொன்றுக்கு 2 ராத்தல் உண்பான் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் நடந்து, இறக்கிவிட்டு, பத்து நாள் நடந்து மீள்வானாயின், 40 ராத்தல் அவனுக்கே செலவாம். படைக்குச் சேர்வது 20. பதினைந்து நாள் வழியானாற் படைக்குச் சேர்வது சூனியம். ஆகவே தளபதி முன்னேற முன்னேறச் சுமைகாரர் தொகை பெருகும். அல்லது அவர்களுடைய படியைக் குறைத்தல் வேண்டும். படியைக் குறைக்கும் அந்தப் பொத்தானே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. அதனை அழுத்தினால் ஆட்டம் எளிதாகும். படத்திற் கொடி முன்னே நகரும். பத்து நாட்களுக்குப் பின்னரே வழிநெடுகச் சிறு சிறு புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். ஒரு துப்பாக்கியும் காட்டாத இந்த ஆட்டம், ஆயிரம் துப்பாக்கி விளையாட்டுகள் சொல்லாததைச் சொல்லும்.

அந்த யுத்தகளத்தில் நம் நாட்டார்க்கும் பங்குண்டு. 1914 நவம்பர் தொடக்கத்தில் டாங்கா என்னும் துறைமுகத்தில் இறங்கித் தோல்வியுற்ற பட்டாளங்களுள் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் ஒன்று. கடற்பயணத்தாற் களைத்து, முன்பின் அறியாத காட்டில் இறங்கிய அவர்களைத் துப்பாக்கியோடு தேனீக்களும் தாக்கின. தேனீக்கள் கட்சி பாராமல் ஜெர்மானியரையும் கொட்டின என்பது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் அளித்ததோ அறியேன்.

அதே வருஷம் செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த 'எம்டன்' கப்பலை அறியாத தமிழர் இலர். சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்றே நாம் அழைக்கிறோம். கப்பல் விளையாட்டுகள் எத்தனையோ உள்ளன; பீரங்கி பெரியதாயுள்ளவன் வெல்லுவான். எம்டனின் விளையாட்டு அத்தகையதன்று; அது நம் ஆடுபுலி ஆட்டம். புலி ஒன்று; ஆடுகள் பல; ஆடுகளைத் தேடும் புலியை வேறு பல கப்பல்கள் தேடுகின்றன. புலியின் பசி நிலக்கரி. பிடித்த கப்பலிலிருந்தே அதனைக் கொள்ளுதல் வேண்டும். காப்டன் முல்லர் தம் கப்பலுக்கு இல்லாத நாலாம் புகைபோக்கி ஒன்றைத் துணியாலும் மரத்தாலும் கட்டி ஆங்கிலக் கப்பல் போல் நடித்தார். வியாபாரக் கப்பலைப் பிடித்தபோதெல்லாம் அதிலுள்ளோரை முதலில் இறக்கிய பின்னரே மூழ்கடித்தார். இறக்கிய மாலுமிகளை ஏற்றிக்கொண்டாற் சோறும் வேண்டும், இடமும் வேண்டும். விடுவித்தால் அவர்கள் கரையேறிச் செய்தி சொல்லுவர். இரக்கம் எவ்வளவு நாள் கட்டுப்படியாகும் என்பதே ஆட்டம். 1914 நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்தது. கரையில் இறங்கியிருந்த அதன் ஆட்கள் சிலர் 'ஆயிஷா' என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி அரேபியா வழியாக மறு வருஷம் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தனர். அது தனியே ஓர் ஆட்டத்திற்குப் போதும். இங்கே விரிக்கிற் பெருகும்.

இவ்வாறெல்லாம் யுத்தத்தை விளையாட்டாக்கலாமோ என்பார்க்கு லிவர்பூல் நகரத்தைக் காட்டுவேன். 1942இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் வியாபாரக் கப்பல்களை அழித்துக்கொண்டிருந்தன. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, நோயால் ஓய்வுபெற்றிருந்தவர், லிவர்பூலில் ஒரு மாளிகையின் மேல்தளத்தை வாங்கி, தரைவிரிப்பில் கட்டம் வரைந்து அதனையே கடலாக்கினார். அவருடன் பணிபுரிந்தோர் பெரும்பாலும் கடற்படைப் பெண்கள், இளம்வயதினர். அதிகாரிகளை ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தினர். மெய்யான கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும்படி திரையிற் சிறு துளைகள். நீர்மூழ்கியின் வழியைப் பச்சைச் சுண்ணக்கட்டியால் வரைந்தனர். துளைவழி நோக்குவார்க்கு அந்நிறம் புலப்படாது. நீர்மூழ்கி தொலைவிலிருந்து சுடுகிறது என்று எல்லோரும் எண்ணியிருக்க, அது பின்புறமாகக் கப்பற்கூட்டத்தினுள்ளேயே புகுந்து சுடுகிறது என்பதை அத்தரையில் ஆடியாடியே கண்டுபிடித்து, எதிர்முறையும் வகுத்தனர். யுத்த முடிவுக்குள் ஏறத்தாழ ஐயாயிரம் அதிகாரிகள் அங்கே வந்து ஆடிப் பயின்றனர். விளையாட்டே யுத்தத்தை நடத்திய அந்த அறையைக் களமாக வைத்து ஒரு விளையாட்டுச் செய்தால் என்ன? ஆடுவோள் இருபது வயதுப் பெண், கையிற் சுண்ணக்கட்டி, எதிரே நரைத்த தளபதி, அவள் தரையில் இன்று தவறவிட்ட கோட்டிற்கு நாளை கடலில் மெய்யான ஆட்கள் மூழ்குவர். அவளுக்கு எதிராக நீர்மூழ்கியாக ஆடிய பெருந்தளபதியர் தோற்றுத் திரையைப் பிய்த்துக்கொள்ளும் இன்பமும் இதில் உண்டு.

நிற்க. இத்துணையும் படித்த ஒருவர், "பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது, சுமைகாரன் பசியையும் சிப்பாயின் தாகத்தையும் பொழுதுபோக்காக்குதல் சுடுவதினும் கொடிதன்றோ?" என்று வினவலாம். இவ்வினா என்னையும் வருத்தியதே. என் தாயின் பாட்டனார் 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்த பல லட்சம் பேருள் ஒருவர். ரங்கூனிற் குண்டு விழுந்தபின் புறப்பட்டவர், மலையும் காடும் கடந்து வந்து சேர்ந்தார்; உடன் புறப்பட்ட தம்பி வரவில்லை. அந்நடையைப்பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையாம். சாகுமளவும் குடத்தின் அடியில் மிஞ்சிய நீரைக் கீழே கொட்டவிடமாட்டார் என்று மட்டும் அம்மா சொல்லுவார். அவருடைய நடையை ஒருவன் திரையில் ஆட, வழியில் விட்டுவந்த தம்பிக்கு இத்தனை புள்ளி குறைவு என்று கணக்கிடுவதை எண்ணின் என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் வேறொன்றையும் எண்ணுகிறேன். சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. அதனை அமைக்கையில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகள் பன்னீராயிரவர்க்கு மேல். அவர்களைப்பற்றிப் படமும் நூலும் வந்துள்ளன. கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களுள் அவர்களினும் பன்மடங்கினர் மாண்டனர். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியும் இல்லை. ஆகவே, சொல்லாது விடுதலும் ஒருவகைக் கொடுமையே. என் முடிவு இதுதான்: தண்டவாளம் போடுவதை ஆட்டமாக்கலாகாது, காவற்காரன் வேடத்தை எவ்விலைக்கும் ஆடுவோனுக்குக் கொடுக்கலாகாது, புள்ளிக் கணக்கும் ஆகாது. தேடுதலை ஆட்டமாக்கலாம். இதற்கு வழிகாட்டிய விளையாட்டு ஒன்று உளது. பிராகு நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தாரும் செக் விஞ்ஞானக் கழகத்தாரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட 'அட்டென்டாட் 1942' என்பதில் சுடுதலே இல்லை. 1942இல் நாஜித் தலைவன் ஹைட்ரிக் தாக்கப்பட்டபின் தன் பாட்டன் ஏன் கைது செய்யப்பட்டான் என்பதைப் பேரப்பிள்ளை பாட்டியிடமும் மற்றை முதியோரிடமும் கேட்டறிகிறது. கேள்வியைத் தவறாகக் கேட்டால் முதியோர் வாயை மூடிக்கொள்வர். இதுவே ஆட்டம். இரண்டு நாள் தூக்கமின்றி இதனை ஆடினேன். என் பாட்டனாரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனை என்று அப்பொழுது எண்ணிப் பார்த்தேன்.

அதனைச் செய்தோர் பெரிய வியாபாரக் கம்பெனியார் அல்லர். ஒரு கலாசாலையினர் என்பதைக் கவனிக்க. நார்மண்டியின் அலைத்துளியை எழுதப் பல கோடி டாலர் வேண்டும். சுமைகாரன் கணக்குக்கு ஒரு படமும் சில எண்களும் போதும். நம் கல்லூரியிலும் கணினி வகுப்பும் சரித்திர வகுப்பும் ஒரே கட்டடத்தின் மேலும் கீழுமாக உள்ளன, படிக்கட்டுத்தான் இடையே. தென்னாட்டில் பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ ஒருவர் மீண்டுவராத தெரு அரிது. நடந்து வந்தவர் அநேகமாய்ப் போய்விட்டனர். அவர்கள் தோளில் குழந்தையாய் வந்தவர் இன்னும் சிலர் உளர்.

ஓமஹாக் கரையின் நண்பர் இப்பொழுது கட்டத்தாளில் கொஹிமா முகட்டை வரைந்துகொண்டிருக்கிறார். டென்னிஸ் மைதானம் அளவுப்படி வந்துவிட்டது. ஊற்று இருந்த இடத்தைப்பற்றித் தகராறு உள்ளது. சாடோவின் ஆட்டத்தில் இன்னும் எத்தனை நாளுக்கு அரிசி உண்டென்று திரையிற் காட்டவேண்டும் என்கிறார் அவர். காட்டாவிட்டால் எவனும் பொறுமையிழந்து விட்டுவிடுவானாம். யான் காட்டலாகாது என்கிறேன். மூட்டையை எண்ணிக்கொள்ளட்டும், நாளை அவனே கணிக்கட்டும். நேற்றிரவு விளக்கணைக்கும் மணி அடித்தபின்னும் இவ்வழக்கு முடியவில்லை.